வருது, ஆனா போக மாட்டேங்குது!

இந்த வாரம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கம்ப்யூட்டரிலிருந்து மெயில் அனுப்புவது பற்றியவை. பல்லாவரத்தில் ஆரம்பித்து கூடுவாஞ்சேரி வரை ஒரே புலம்பல். பெயரைப் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால், எல்லோருக்கும் ஊரும் தொழிலும் மட்டும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சேலையூர்
தண்டர்பேர்டில் மெயில் எல்லாம் ஒழுங்காக வருகிறது. அனுப்பினால் மட்டும் போகவில்லை. வருகிற வழியிலேயே போகக் கூடாதா?

கூடாது சார். வருவது ஐமேப் அல்லது பாப் வழியில், போவது எஸ்.எம்.டி.பி. வழியில். தபால்காரர் தினமும் வீட்டுக்கு வருகிறார் என்பதற்காக, தெருமுனைச் சிவப்புப் பெட்டியைப் பூட்டவில்லை என்று அர்த்தமா? 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' பக்கத்தில் இடப்புறப் பட்டியலின் கடைசிப் பக்கம் 'அவுட்கோயிங் சர்வர்' என்று இருக்கும். அங்கே நான்கே விஷயம் பாருங்கள்: சர்வர் பெயர், போர்ட் எண், பாதுகாப்பு முறை, யூசர் நேம். ஜிமெயில் என்றால் சர்வர் 'எஸ்எம்டிபி புள்ளி ஜிமெயில் புள்ளி காம்'. போர்ட் 465 என்றால் 'எஸ்.எஸ்.எல்./டி.எல்.எஸ்.', 587 என்றால் 'ஸ்டார்ட் டி.எல்.எஸ்.' யூசர் நேம் என்பது முழு மெயில் முகவரி. போர்ட்டையும் பாதுகாப்பு முறையையும் ஜோடி மாற்றிப் போட்டால் கம்ப்யூட்டர் வெகு நேரம் யோசித்துவிட்டு 'டைம்டு அவுட்' என்று கையை விரித்துவிடும்.

கல்லூரி நூலகர், கிழக்குத் தாம்பரம்
அதே பாஸ்வேர்டு போனில் வேலை செய்கிறது. கம்ப்யூட்டரில் போட்டால் தப்பு என்கிறது. எது பொய் சொல்கிறது?

இரண்டும் உண்மைதான் சொல்கின்றன. வெறும் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு உள்ளே வரும் பழைய மென்பொருள்களுக்கு கூகுள் 2022 மே 30 முதல் கதவைச் சாத்திவிட்டது. உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, தண்டர்பேர்டில் 'அதென்டிகேஷன் மெத்தட்' என்ற இடத்தில் 'ஓ-ஆத்2' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கூகுளின் சொந்த லாகின் பக்கமே திறந்து அனுமதி கேட்கும். இதுதான் நல்ல வழி. அந்த வசதி இல்லாத பழைய மென்பொருள் என்றால், கூகுள் கணக்கில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை இயக்கி, 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்டு' வாங்கிப் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: பிறகு எப்போதாவது கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் இந்த 16 எழுத்தும் செல்லாக்காசு. ஹாட்மெயில், அவுட்லுக் டாட் காம் வைத்திருப்பவர்களுக்கு 2024 செப்டம்பர் 16 முதல் ஓ-ஆத் ஒன்றுதான் கதி.

பிளஸ் டூ மாணவர், பெருங்களத்தூர்
போர்ட் எண்கள் 25, 465, 587... வரிசையாக 1, 2, 3 என்று வைத்திருக்கக் கூடாதா?

1, 2, 3-க்கு வேறு ஆட்கள் ஏற்கெனவே துண்டு போட்டுவிட்டார்கள் தம்பி. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எஸ்.எம்.டி.பி. விதிகளை எழுதியபோது இருந்தது 25 மட்டும்தான். அன்று நெட்வொர்க்கில் இருந்தவர்கள் கொஞ்சப் பேர், ஒருவரையொருவர் நம்பினார்கள். அனுப்புகிறவரிடம் பாஸ்வேர்டே கேட்க மாட்டார்கள். அந்த நல்ல மனசில் குப்பை மெயில்காரர்கள் குடியேறினார்கள். அதனால் 1998 டிசம்பரில், நம்மைப் போன்றவர்கள் மெயிலை ஒப்படைக்க மட்டும் 587 என்ற தனி வாசல் வந்தது. 25 சர்வருக்கும் சர்வருக்கும் இடையே என்று ஆனது. 465-ன் கதை இன்னும் சுவாரசியம். 1997-ல் கொடுத்தார்கள், அடுத்த வருடமே பிடுங்கினார்கள், ஆனாலும் உலகம் அதைப் பயன்படுத்திக்கொண்டே இருந்தது. 2018 ஜனவரியில் மறுபடி முறையாக அங்கீகரித்தார்கள். அரசு ஊழியராக இருந்திருந்தால் இருபது வருட அரியர்ஸ் கேட்டு வழக்குப் போட்டிருக்கும்.

மெப்ஸ் வளாக ஊழியர், சானடோரியம்
ஆபீஸில் போகிற மெயில், அதே லேப்டாப்பில் வீட்டிலிருந்து அனுப்பினால் போவதில்லை. வீட்டில் வேலை பார்க்காதே என்கிறதோ?

அப்படியொரு கம்ப்யூட்டர் கிடைத்தால் எல்லோரும் வாங்குவார்கள். இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். உங்கள் ஆபீஸ் சர்வர் உள்வட்டத்தில் இருப்பவர்களின் மெயிலை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். வெளியிலிருந்து வந்தால் 'ரிலே அனுமதி இல்லை' என்று 550 எண்ணோடு திருப்பிவிடும். அதற்கு வி.பி.என். வேண்டும். அல்லது லேப்டாப்பில் இன்னும் போர்ட் 25 இருக்கும். குப்பை மெயிலைத் தடுக்க வீட்டு இணைப்புகளில் அதை அடைத்து வைப்பது உலகெங்கும் வழக்கம். 587-க்கு மாற்றி, 'சர்வருக்கு லாகின் தேவை' என்பதை டிக் செய்யுங்கள். எது காரணம் என்று கண்டுபிடிக்க, போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒரு முறை அனுப்பிப் பாருங்கள். அதில் போனால் செட்டிங்ஸ் சரி, தடை வீட்டு பிராட்பேண்டில்.

ஆடிட்டர் அலுவலக உதவியாளர், குரோம்பேட்டை
ஜிமெயிலில் 25 எம்.பி. வரை இணைக்கலாம் என்கிறார்கள். நான் இணைத்தது 22 எம்.பி. ஏன் திரும்பி வருகிறது?

மெயில் என்பது எழுத்துகளை மட்டும் சுமக்கப் பிறந்தது. உங்கள் ஸ்கேன் ஃபைலை எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்ப முடியும். அந்த மாற்றத்துக்கு பேஸ்64 என்று பெயர். மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து. அதாவது எடை மூன்றில் ஒரு பங்கு ஏறும். உங்கள் 22 கிட்டத்தட்ட 30 ஆகிவிட்டது. 18-க்குள் வைத்துக்கொண்டால் நிம்மதி. பில்லையும் வவுச்சரையும் கலரில் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யாதீர்கள். கறுப்பு வெள்ளையில் 200 போதும். வருமானவரி அதிகாரி தாளின் நிறத்தைப் பார்ப்பதில்லை.

இரும்புக்கடை உரிமையாளர், மேற்குத் தாம்பரம்
கடையில் விண்டோஸ் எக்ஸ்.பி., அவுட்லுக் எக்ஸ்பிரஸ். ராசியான கம்ப்யூட்டர். எல்லா செட்டிங்கும் சரிபார்த்தும் மெயில் போகவில்லை.

எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி விடை கொடுத்துவிட்டது. இன்றைய மெயில் சர்வர்கள் பேசும் பாதுகாப்பு மொழி டி.எல்.எஸ். 1.2 அல்லது அதற்கு மேல். அவுட்லுக் எக்ஸ்பிரஸுக்குத் தெரிந்தது 1.0 வரைதான். எந்த எண்ணை மாற்றினாலும் இது சரியாகாது. ராசியான கம்ப்யூட்டரை நெட்டிலிருந்து கழற்றி பில் போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மெயிலுக்கு வேறொன்று வாங்குங்கள். ராசி ஓனரிடம்தான் இருக்கிறது.

டியூஷன் ஆசிரியை, ராஜகீழ்ப்பாக்கம்
கோடை விடுமுறை முழுக்க கம்ப்யூட்டரைப் போடவில்லை. இப்போது 'சர்ட்டிஃபிகேட் செல்லாது' என்று அனுப்ப மறுக்கிறது.

வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள் மேடம். 2009 என்றோ 2012 என்றோ காட்டினால் குற்றவாளி அதுதான். சர்வரின் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடியும் நாளும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் இன்னும் பழைய வருடத்திலேயே இருப்பதால், இனிமேல் பிறக்கப்போகும் சான்றிதழ் என்று சந்தேகப்படுகிறது. தேதியைச் சரிசெய்தால் மெயில் போகும். கரண்டை அணைத்ததும் தேதி மறுபடி பின்னால் ஓடினால், மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. சி.ஆர்.2032 என்று கேளுங்கள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

தோல் ஏற்றுமதி நிறுவன எழுத்தர், பம்மல்
அவுட்லுக்கில் மெயில் 'அவுட்பாக்ஸ்' உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. போகிறதா என்று அடிக்கடி திறந்து பார்க்கிறேன்.

திறந்து பார்ப்பதால்தான் போகவில்லை! அவுட்பாக்ஸில் காத்திருக்கும் மெயிலைத் திறந்து சும்மா மூடினால், 'இன்னும் எழுதி முடிக்கவில்லை போல' என்று அவுட்லுக் அதை அனுப்பும் வரிசையிலிருந்து எடுத்துவிடும். சாய்ந்த எழுத்தில் இருந்த தலைப்பு நேராகிவிட்டால் அதுதான் அடையாளம். திறந்து மறுபடி 'சென்ட்' அழுத்துங்கள், பிறகு கை வைக்காதீர்கள். அப்படியும் போகாவிட்டால் 'ஒர்க் ஆஃப்லைன்' பட்டன் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

கல்லூரி மாணவி, தாம்பரம்
அனுப்பு என்றால் அனுப்ப வேண்டியதுதானே? அவுட்பாக்ஸ் என்று ஒன்றை ஏன் வைத்தார்கள்?

டெலிபோன் பில்லுக்குப் பயந்து. வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15-ல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தபோது, அன்றைய மெட்ராஸும் அந்த முதல் பட்டியலில் இருந்தது. மோடம் டெலிபோன் லைனில் டயல் செய்யும்; லைன் ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. அதனால் இணைப்பு இல்லாமலே கடிதங்களை எழுதி அவுட்பாக்ஸில் அடுக்கி, பிறகு டயல் செய்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டு லைனைத் துண்டிப்பார்கள். காசு போய்விட்டது, பெட்டி மட்டும் தங்கிவிட்டது.

ஐ.டி.ஐ. மாணவர், ஊரப்பாக்கம்
பக்கத்து ஊர் கம்பெனியாச்சே என்று ஜோஹோ மெயிலுக்கு மாறினேன். அனுப்பினால் '553 ரிலே' என்று ஏதோ வருகிறது.

கூடுவாஞ்சேரி பக்கத்தில் என்பதற்காக சலுகை கிடையாது. மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, ஜோஹோவின் செட்டிங்ஸில் ஐமேப் அனுமதியை இயக்கியிருக்கிறீர்களா? இரண்டு, இந்தியாவில் தொடங்கிய கணக்கு என்றால் சர்வர் பெயர் 'எஸ்எம்டிபி புள்ளி ஜோஹோ புள்ளி இன்'. முடிவில் 'காம்' போட்டால் வேறு நாட்டு வாசலில் போய் நிற்பீர்கள். மூன்று, 553-க்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: லாகின் செய்தது ஒரு முகவரி, 'ஃப்ரம்' வரியில் இருப்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

மளிகை மொத்த வியாபாரி, முடிச்சூர்
2015 வெள்ளத்தில் கம்ப்யூட்டர் போனது. அனுப்பிய மெயில்களும் போய்விட்டன. திரும்பக் கிடைக்குமா?

அந்த டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. ஹார்டு டிஸ்க் நீச்சல் கற்றிருக்காது. உங்கள் கணக்கு பாப் முறையில் இருந்திருந்தால், அனுப்பிய மெயிலின் நகல் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்திருக்கும். ஆனால் ஜிமெயில் வழியாக அனுப்பியிருந்தால் பிரவுசரில் போய் 'சென்ட்' பகுதியைத் திறந்து பாருங்கள். எந்த மென்பொருளிலிருந்து அனுப்பினாலும் ஜிமெயில் தானே ஒரு நகல் எடுத்து வைக்கும். இனிமேலாவது ஐமேப் வையுங்கள். மழை மறுபடி வரும்.

மணப்பெண்ணின் சித்தப்பா, மாடம்பாக்கம்
கல்யாணப் பத்திரிகையை 700 பேருக்கு ஜிமெயிலில் அனுப்பினேன். கணக்கையே நிறுத்திவிட்டார்கள்!

சாதாரண ஜிமெயில் கணக்குக்கு ஒரு நாள் உச்சவரம்பு 500 பேர். தாண்டினால் 24 மணி நேரம் வரை அனுப்ப விடமாட்டார்கள். பிறகு தானே சரியாகிவிடும். இரண்டு நாளாகப் பிரித்து, முகவரிகளை 'பி.சி.சி.'யில் போட்டு அனுப்புங்கள். முதல் நாள் பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா என்று என்னைக் கேட்காதீர்கள்.

தமிழாசிரியர், பல்லாவரம்
இமெயிலைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர் என்கிறார்களே?

சிவா அய்யாதுரை 1978-ல், 14 வயதில், அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு மருத்துவக் கல்லூரிக்காக 'இமெயில்' என்ற பெயரில் புரோகிராம் எழுதியது உண்மை. 1982-ல் அதற்குப் பதிப்புரிமை வாங்கியதும் உண்மை. ஆனால் ரே டாம்லின்சன் 1971-லேயே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு 'அட்' குறி போட்டு மெயில் அனுப்பிவிட்டார். பையன் கெட்டிக்காரன்; கண்டுபிடிப்பு மற்றவருடையது.

மூத்த குடிமகள், சிட்லபாக்கம்
மெயில் போகவில்லை என்று நெட்டில் தேடி ஒரு 'கஸ்டமர் கேர்' எண்ணுக்குப் பேசினேன். ஏதோ ஆப் இறக்கச் சொன்னார்கள். செய்யலாமா அய்யா?

செய்யவே வேண்டாம் அம்மா. உங்கள் திரையை அவர்கள் பார்க்கும்படி செய்கிற ஆப் அது. அடுத்து ஓ.டி.பி. கேட்பார்கள், அதற்கடுத்து உங்கள் வங்கிக் கணக்கு. ஏற்கெனவே பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் 1930-க்கு அழையுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அதுதான்.

கூரியர் ஏஜென்ட், ஹஸ்தினாபுரம்
இத்தனை எண் சொல்கிறீர்களே, எதை நினைவில் வைப்பது?

முதல் இலக்கத்தை மட்டும். 4-ல் தொடங்கினால் தற்காலிகம். காத்திருங்கள், அதுவே மறுபடி முயலும். 5-ல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. நூறு முறை 'சென்ட்' அழுத்தினாலும் போகாது, எதையாவது மாற்றியே ஆக வேண்டும். 535 என்றால் லாகின் கோளாறு, 550 என்றால் முகவரியோ அனுமதியோ தவறு, 552 பெரும்பாலும் எடை அதிகம். எண்ணே வராமல் வெறுமனே சுற்றினால் போர்ட்டைப் பாருங்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'மெயில் போகவில்லை' என்று மட்டும் எழுதினால் என்னால் ஜோசியம்தான் சொல்ல முடியும். திரையில் வந்த வாசகத்தை எண்ணோடு அப்படியே எழுதி அனுப்புங்கள். உங்கள் பாஸ்வேர்டை மட்டும் எழுதாதீர்கள்; இந்த வாரமும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் இதைப் படித்ததும் முதல் வேலையாக அதை மாற்றிவிடவும்.