போகாத ஊருக்கு வரி

“உங்கள் முன்பதிவு ரத்தானது. விதிமுறைப்படி உங்கள் கணக்கில் திரும்ப வரவு வைக்கப்படும் நாட்கள்: 0. எங்களோடு விடுமுறையைக் கழிக்க முன்வந்தமைக்கு நன்றி.”

ஆங்கிலத்தில் வந்த குறுஞ்செய்தி. தமிழில் பெயர்த்துப் பார்த்தபோதுதான் அதன் உண்மையான பொருள் பிடிபட்டது. விடுமுறையைக் கழித்துத்தான் விட்டார்கள். ஏழு நாள். என் கணக்கிலிருந்து.

அந்த ஏழு நாளை நான் வாங்கிய கதையைச் சொல்லியாக வேண்டும். 2011-இல் மதுரையில் ஒரு பெட்ரோல் பங்கில் கூப்பன் ஒன்றை நிரப்பிப் பெட்டியில் போட்டேன். மறு வாரமே போன். குலுக்கலில் பரிசு விழுந்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டலுக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். கண்டிப்பாக மனைவியோடு வர வேண்டுமாம். தனியாக வந்தால் ‘வீட்டுல கேட்டுச் சொல்றேன்’ என்று நழுவிவிடுவோம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஓட்டல் ஹாலில் முப்பது மேசை, மேசைக்கு ஒரு டை கட்டிய பையன். எந்தத் தம்பதியாவது கையெழுத்துப் போட்டால் மணி அடிக்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். கோயிலில் மணி அடித்த பிறகு தட்டு வரும். இங்கே தட்டில் போட்ட பிறகுதான் மணி.

“நமக்குக் கொடைக்கானல்ல வீடு வருதாப்பா?” என்று கேட்டாள் என் மனைவி.

“வீடு இல்ல மேடம், உரிமை. 25 வருஷத்துக்கு.”

“என்ன உரிமை?”

“வருஷத்துக்கு ஏழு நாள் போய்த் தங்குற உரிமை.”

“அது இப்பவே இருக்கே. பஸ்ஸு ஓடுதுல்ல?”

அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. பையன் மேலாளரை அழைத்தான். மேலாளர் ‘இந்த விலை இன்னைக்கு மட்டும்தான் சார்’ என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வீட்டு முடிவுகளை எடுப்பவன் நான்தான் என்று முப்பது மேசைக்கும் காட்ட வேண்டியிருந்ததால் கையெழுத்துப் போட்டேன். மணி அடித்தது. பரிசாகக் கிடைத்த ஹாட்பாக்ஸ் இன்னும் சமையலறையில் இருக்கிறது. அந்த வியாபாரத்தில் நாங்கள் தினமும் பயன்படுத்துவது அது ஒன்றைத்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் பிறப்பித்த ஆணைப்படி, டைம்ஷேர் என்ற இந்தத் தங்கும் உரிமையை வாங்கியவர் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். அந்த 14 நாளும் விற்றவர் முன்பணமாக ஒரு காசு தொடக் கூடாது. நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டமே கிடையாது. விலகிக்கொள்ள ஒப்பந்தத்தில் நிறுவனம் மனமிரங்கி எத்தனை நாள் போட்டிருக்கிறதோ அத்தனை நாள். அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று கண்டுபிடிப்பதற்குள் அந்த நாட்களும் ஓடிப்போகும். மணிச் சத்தத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே 14 நாள் இடைவெளி விட்டால் அந்த மணியை அடிக்க ஆளே தேவைப்படாது. அதனால்தான் விடமாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னால் நான் பொல்லாதவன்.

பருவத்துக்கு ஒரு நிறம் வைத்திருக்கிறார்கள். ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம். ஊதா வாங்கினால் மே மாதம் கிடைக்கும் என்றதால் இன்னும் கொஞ்சம் கடன்பட்டு ஊதாவே வாங்கினேன். வருடம் தவறாமல் மே மாதத்துக்கு விண்ணப்பித்தேன். வருடம் தவறாமல் ‘வெயிட்டிங் லிஸ்ட்’. நீலம் வாங்கியவன் ஆகஸ்ட் மழையில் கொடைக்கானலுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டாவது வந்தான். நான் ஆண்டுச் சந்தா மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன். போனாலும் சந்தா, போகாவிட்டாலும் சந்தா, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

போன மே மாதத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. கிடைத்த வாரத்தில் என் மனைவியின் முழங்காலைப் பார்த்த டாக்டர், மேடு பள்ளம் ஆகாது என்றார். கொடைக்கானலில் அதைத் தவிர வேறென்ன இருக்கிறது? சரி, வாடகைக்காவது விடுவோம் என்று இறங்கினேன்.

வாடகைக்கு விடக் கூடாது என்று ஒப்பந்தம் சொல்கிறது. உறவினருக்கோ நண்பருக்கோ ‘அன்பளிப்பாக’ விட்டுக்கொடுக்கலாம். அந்த அன்புக்கு விருந்தினர் கட்டணம் 1,500 ரூபாய். ஆகவே நாட்டில் ஹாலிடே மெம்பர்ஷிப் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் முகம் தெரியாத ஒன்றுவிட்ட தம்பிகள் ஏராளம். எனக்கு வாட்ஸ்அப் வழியாக அருப்புக்கோட்டையில் ஒரு தம்பி கிடைத்தார். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. ஏழு ராத்திரிக்கு 28,000 ரூபாய். பாதி அட்வான்ஸ், மீதி போய்ச் சேர்ந்ததும். 14,000 ரூபாயை ஜிபேயில் போட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

“அண்ணே, ஒருவேளை வர முடியாமப் போச்சுன்னா...?”

“அதெல்லாம் ஏன் தம்பி இப்பவே அபசகுனமாப் பேசிக்கிட்டு? நல்லபடியாப் போயிட்டு வாங்க.”

இந்த வாக்கியத்தைத் தமிழ்நாட்டில் சொல்லாத வீட்டுக்காரன் இல்லை, மண்டபக்காரன் இல்லை, வேன்காரன் இல்லை. பணம் கொடுப்பவன் ரத்தைப் பற்றிக் கேட்டால் அபசகுனம். வாங்குபவன் கண்டுகொள்ளாமல் விட்டால் மங்கலம். துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதிக்கொள்ளச் சொன்னால் ‘எம்மேல நம்பிக்கை இல்லையா?’ என்று முகம் சுருங்கும். நிறுவனங்களுக்கு இந்தச் சகுன பயமெல்லாம் இல்லை. நீங்கள் நோயில் விழுந்தால், விபத்தில் சிக்கினால், செத்தே போனால் சந்தாவை யார் கட்டுவது என்று நாலு பக்கத்துக்குக் குளிர்ந்த ரத்தத்தோடு எழுதி வைத்திருப்பார்கள்.

தம்பி கெட்டிக்காரர். இ-பாஸ் வாங்கிவிட்டார். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இல்லாமல் வண்டி ஏற முடியாது. 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பே கட்டினார்கள். மலை மூச்சுவிட வேண்டும் என்பதற்காகச் செய்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் உத்தரவின் ஈரம் காய்வதற்குள் எங்கள் நிறுவனம் விதிமுறையில் ஒரு வரி சேர்த்துவிட்டது: இ-பாஸ் கிடைக்காமல் வர முடியாதவர்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. ஊருக்குள் இத்தனை வண்டிதான் வரலாம் என்று தெரிந்த பிறகும் ஒரு அறையைக்கூடக் குறைத்து விற்கவில்லை.

கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது போன் வந்தது. அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு. மதுரையில் அறுவை சிகிச்சை. “மன்னிச்சுக்கங்கண்ணே” என்றார் தம்பி. அப்பாவின் இடுப்பு உடைந்ததற்கு மகன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். ஆஸ்பத்திரிச் சீட்டை வேறு படம் எடுத்து அனுப்பினார், நான் நம்பமாட்டேனோ என்று.

நிறுவனத்தின் விதியைப் புரட்டினேன். 30 நாளுக்கு முன் ரத்து செய்தால் நாட்கள் முழுதாகத் திரும்பும். 15 நாள் வரை பாதி. அதற்குள் வந்தால் பூஜ்யம். கிழவர் ஆறு நாள் முன்னால் விழுந்திருந்தால் மூன்றரை நாள் தேறியிருக்கும். பொறுப்பில்லாத மனிதர்.

ரத்து செய்தேன். மேலே சொன்ன நன்றிக் கடிதம் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து, என் மனைவியின் போனிலிருந்து அதே விடுதியின் வரவேற்பறையைக் கூப்பிட்டு, உறுப்பினர் என்று சொல்லாமல், அதே தேதிக்கு அறை இருக்கிறதா என்று கேட்டேன்.

“உங்க லக் சார். ஃபுல்லாத்தான் இருந்துச்சு, இப்பத்தான் ஒண்ணு கேன்சல் ஆகி வந்திருக்கு. ஒரு நைட்டுக்கு 11,500, பிளஸ் ஜிஎஸ்டி. ஃபுல் பேமெண்ட் பண்ணிடுங்க சார், நான்-ரீஃபண்டபிள்.”

என் லக். என் அறையை எனக்கே விற்கிறார்கள். ஏழு நாள் கணக்குப் போட்டால் வரிக்கு முன்பே 80,500 ரூபாய். என்னிடம் பறித்த அந்த ஏழு நாளுக்குப் பெயர் ‘ரத்தினால் ஏற்பட்ட இழப்பு’. இழப்பு இப்படி லாபத்தில் கொழுத்துத் திரிவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதைக் கேட்க சட்டமே இல்லையா என்றால், வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 74-ஆம் பிரிவு: ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று காகிதத்தில் எத்தனை பெரிய தொகையை எழுதி வைத்தாலும், அதற்கு மிகாமல் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். 1963-இல் உச்ச நீதிமன்றம் ஃபத்தே சந்த் வழக்கில் இதைப் பிட்டுப் பிட்டு வைத்தது. 1,12,500 ரூபாய் சொத்துக்கு 25,000 வாங்கி வைத்துக்கொண்டு, பேரம் முறிந்ததும் மொத்தத்தையும் விழுங்கப் பார்த்தார் ஒருவர். அச்சாரம் என்று கொடுத்த 1,000 உனக்கு, மீதி 24,000 அப்படியே உன்னுடையதாகிவிடாது என்றது நீதிமன்றம். அச்சாரம் வேறு, முன்பணம் வேறு என்று சந்தை மாட்டுத் தரகருக்குக்கூடத் தெரியும். டை கட்டியவர்களுக்குத்தான் இரண்டும் ‘நான்-ரீஃபண்டபிள்’.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அளவுக்கு மீறிய டெபாசிட் கேட்பதும், இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் போடுவதும் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று பச்சையாகவே சொல்கிறது. படித்ததும் புல்லரித்தது. அடுத்த பக்கத்தில் இறங்கிவிட்டது. நியாயமற்ற ஒப்பந்தம் என்று புகார் சொல்ல மாவட்ட ஆணையத்துக்குப் போக முடியாது. மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ஏழு நாளைத் தேடி அங்கே எத்தனை நாள் அலைவது? வாய்தாவுக்குப் போய்த் தங்க நிறுவனத்துக்கு அந்த ஊரில் விடுதி இருந்தாலாவது ஊதா உறுப்பினர் என்ற முறையில் முன்பதிவு செய்யலாம்.

அரசாங்கம் இதில் யார் பக்கம் என்று யாராவது கேட்டால், வரி வாரியம் 2022 ஆகஸ்ட் 3-இல் வெளியிட்ட சுற்றறிக்கையைக் காட்டுங்கள். ஓட்டல் அறை, சுற்றுலா, விமானம் எதுவானாலும், வாடிக்கையாளர் வராமல் போனதால் பிடித்துக்கொண்ட பணத்துக்கும் அந்தச் சேவைக்குரிய அதே விகிதத்தில் ஜிஎஸ்டி உண்டு. அதாவது படுக்காத கட்டிலுக்கும், திறக்காத ஜன்னலுக்கும், குடிக்காத காபிக்கும் வரி. போகாத ஊருக்கு வழி சொல்பவர்களைக் கேலி செய்த ஜனங்கள் நாம். போகாத ஊருக்கு வரி போடுபவர்கள் வருவார்கள் என்று நம் முன்னோருக்குத் தோன்றவில்லை. கிழவரின் இடுப்பு முறிந்ததில் விடுதிக்கு ஒரு பங்கு, விடுதி மூலமாக டெல்லிக்கு ஒரு பங்கு, சென்னைக்கு ஒரு பங்கு.

நான்காவது பங்கு என்னிடம் இருந்தது. அந்த 14,000 ரூபாய்.

இதுவரை ஊரைத் திட்டியவன் இதையும் சொல்லத்தான் வேண்டும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பணம் என் கணக்கில் பத்து வாரமாகக் கிடந்ததில் அதன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டிருந்தது. எனக்கும் நஷ்டம்தானே என்றது மனம். ஏழு நாள் போச்சே, சந்தா போச்சே, 1,500 போச்சே. 15 நாளுக்குள் ரத்து செய்தால் பூஜ்யம் என்று அவர்கள் எனக்குச் சொன்னதை நான் தம்பிக்குச் சொல்லக் கூடாதா? பாதியாவது? இருட்டில் படுத்துக்கொண்டே வாக்கியங்களை அமைத்துப் பார்த்தேன். ‘தம்பி, என் கையில எதுவும் இல்ல. கம்பெனி ரூல்ஸ்.’ அருமையாக வந்தது. பதின்மூன்று வருடம் மாமியாரிடம் பட்ட மருமகள், தனக்கு மருமகள் வந்ததும் பேசுவது போல அத்தனை சரளமாக வந்தது.

“கீழ விழுந்த அந்தப் பெரியவருக்குத் தண்ணியாவது குடுக்குறாங்களான்னு கேட்டீங்களா?” என்றாள் பக்கத்தில் படுத்திருந்தவள். நான் அதுவரை கேட்கவில்லை.

காலையில் 12,500 ரூபாயைத் திருப்பி அனுப்பினேன். தம்பிக்காகக் கட்டிய விருந்தினர் கட்டணம் 1,500-ஐப் பிடித்துக்கொண்டேன். அது என் கையை விட்டுப் போன காசு, 74-ஆம் பிரிவின்படி சரியான கணக்கு என்று எனக்கு நானே வாதாடி ஜெயித்தேன்.

இரண்டு நிமிடத்தில் தம்பியிடமிருந்து பதில் வந்தது. கும்பிடும் கை படம் ஆறு. “பாதி வந்தாலே பெரிசுன்னு நெனச்சேன். நீங்க தெய்வம்ணே.”

அதற்கு என்ன பதில் போடுவதென்று தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தபோது அடுத்த செய்தி வந்தது. நிறுவனத்திடமிருந்து. இந்த ஆண்டுச் சந்தா, 18 சதவீத ஜிஎஸ்டியுடன். கடைசித் தேதிக்குள் கட்டாவிட்டால் வட்டி உண்டு.