சிற்றறைக் காற்றுத் தூய்ப்பான் தேர்வும் பூனை அமர்வுக் குணகமும்: கொல்கத்தா லேக் மார்க்கெட் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பத்துக்குப் பத்து அறை, அதில் ஒரு பூனை, அந்தப் பூனைக்காக ஒரு காற்றுத் தூய்ப்பான். இம்மூன்றையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்த தமிழ் நூல் எதுவும் ஆய்வாளர் கண்ணில் படவில்லை. அவர் தேடவும் இல்லை. ஆகவே இதுவே முதல் ஆய்வு. போட்டிக்கு வேறொன்று இல்லாமையால் தலைசிறந்ததும் இதுவே.

களம், ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டிய லேக் மார்க்கெட். ஆய்வாளர் அங்கே குடியிருக்கிறார். வேறிடம் போகப் பயணப்படி தருவாரில்லை. காலம், குளிர்காலம். அப்போதுதான் தரையை ஒட்டிய குளிர்காற்று மேலெழ மாட்டாமல் கிடக்க, புகையும் புழுதியும் அதற்குள்ளேயே தங்கிவிடுகின்றன. இவற்றை அளக்க பாலிகஞ்ச், ஜாதவ்பூர், விக்டோரியா, ரவீந்திர சரோவர் முதலிய இடங்களில் தானியங்கி நிலையங்கள் உண்டு. அவை யாவும் வெளிக்காற்றை அளப்பவை. அறைக்குள் பூனை என்ன செய்கிறது என்று பதியும் நிலையம் ஒன்றுகூட இல்லை. இதுவே ஆய்வு இடைவெளி.

பி.எம். 2.5 என்னும் நுண்துகள், ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. இந்திய வரையறை 40. இந்திய நுரையீரல் எட்டு மடங்கு பெருந்தன்மை உடைத்து என்பது இதனாற் பெறப்படும்.

வளர்ப்புயிர்கள் ஐவகைப்படும், திணை ஐந்து ஆதலின் வேறு எண்ணுக்கு இடமில்லை. மீன்: மயிர் உதிர்ப்பதில்லை. ஆமை: மேற்படி. நாய்: உதிர்க்கும், ஆனால் வருந்தும். கிளி: இறகுத்தூளும் உண்டு, வாயும் உண்டு, தனி நூலுக்குரியது. ஐந்தாவது பூனை.

வங்காளத்தில் பூனை, பிள்ளைகளைக் காக்கும் சஷ்டி தேவியின் வாகனம்; எனவே விரட்டுதல் என்னும் எளிய தீர்வு தொடக்கத்திலேயே அடைபடுகிறது. சத்யஜித் ராயின் பேராசிரியர் ஷங்கு தம் பூனைக்கு நியூட்டன் என்று பெயரிட்டார். சத்யஜித்தின் தந்தை சுகுமார் ராயின் 'ஹ ஜ ப ர ல'வில் ஒரு கைக்குட்டையே பூனையாகிவிடுகிறது. தூய்ப்பானின் துணி வடிகட்டியைக் கழுவிக் காயப்போடுவோர் இதை நினைவிற்கொள்க.

பூனை ஒவ்வாமைக்குக் காரணம் மயிர் என்பார் உளர். அது பொருந்தாது. குற்றவாளி ஃபெல் டி 1 என்னும் புரதம். பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பியிலும் ஊறுவது. பூனை தன்னை நக்கிக்கொள்ள, எச்சில் காய்ந்து, பொடிந்து, நுண்துகளில் ஏறி மணிக்கணக்கில் மிதக்கிறது. உடையில் ஒட்டிக்கொண்டு பூனையே இல்லாத வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் விருந்து போகிறது. சோபாவில் கிடக்கும் மயிரைத் தூய்ப்பான் எடுக்காது. அதற்குத் துடைப்பம் உண்டு (வேலைக்கார அக்கா, நேர்ப்பேச்சு, சற்றுக் கோபத்துடன்).

அந்த மிதக்கும் துகளைப் பிடிப்பது ஹெப்பா வடிகட்டி. 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் என்பது அதன் இலக்கணம் (அட்டைப்பெட்டி, பின்பக்கம்). லேக் மார்க்கெட் தமிழர் உடனே காபி பில்டரை நினைப்பர், நினைக்கலாகாது. காபி பில்டர் ஓட்டையை விடப் பெரியதைத்தான் நிறுத்தும். ஹெப்பாவோ பெரிய துகளை இழைமேல் மோதவிட்டுப் பிடிக்கிறது. மிகச் சிறியது தானே தள்ளாடிப் போய் இழையில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே தப்பிக்கத் தெரிந்தது 0.3 மைக்ரான் அளவினது. அதனால்தான் தேர்வு அதற்கு வைக்கப்பட்டது. 'ஹெப்பா வகை', 'ஹெப்பா போன்றது' என்று அச்சிட்டிருந்தால் பெட்டியை வைத்துவிட்டு வருக.

இனி உயரம். ஆய்வுலகம் முழுவதும் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, அண்ணாந்து பார்க்காமல் வீடு திரும்பியிருக்கிறது. 'இத்தனை சதுர அடிக்கு ஏற்றது' என்று பெட்டியில் கண்டிருக்கும் (அட்டைப்பெட்டி, முன்பக்கம், நட்சத்திரக் குறிக்குக் கீழ், ஒட்டுநாடாவை உரித்தபின் தெரியும் எழுத்தில்). தூய்ப்பான் சுத்தம் செய்வது தரையை அன்று. பரவலாகச் சொல்லப்படும் விதி, சதுர அடியில் மூன்றில் இரு பங்கு கன அடிக் காற்றை ஒரு நிமிடத்தில் பொறி தூய்தாக்கித் தர வேண்டும் என்பது. அதன்படி நம் அறைக்கு 67. இது 8 அடிக் கூரையை மனத்திற்கொண்டு எழுதிய விதி: 800 கன அடி, மணிக்கு ஐந்து சுற்று. தெற்குக் கொல்கத்தாவின் பழைய வீட்டிலோ, ஒட்டடைக் கோலை மேசைமேல் ஏறி நின்று பிடிக்க வேண்டும். கூரை 14 அடி என்றால் அறை 1400 கன அடி. நிமிடத்துக்கு 117 கன அடி, அதாவது மணிக்கு ஏறத்தாழ 200 கன மீட்டர் வேண்டும். பச்சை ஷட்டர் ஜன்னலின் கீல் வழியே நுழைவது தனிக் கணக்கு.

பெட்டியில் போட்டிருக்கும் எண் உச்ச வேகத்துக்கானது என்பதையும் இவண் சுட்டுக. அந்த வேகத்தில் உறங்குவது அரிது. உறங்கவிடும் வேகத்தில் பொறியும் உறங்கும்.

தூசி உணரி பற்றி ஒரு கிளையாய்வு. பொறிக்குள் ஒரு லேசர் ஒளி, துகளில் பட்டுச் சிதறுவதைக் கொண்டு தூசியை எண்ணுகிறது. ஒளிச்சிதறலுக்கு 1930இல் நோபல் பெற்றவர் திருச்சியில் பிறந்த சி. வி. ராமன். கண்டறிந்தது 1928 பிப்ரவரி 28, இதே கொல்கத்தாவில், பவுபஜார் தெரு 210ஆம் எண்ணில். ஆகவே காற்றுத் தூய்ப்பான் தமிழனின் கொடை. ராமன் கண்டது சிதறும்போது அலைநீளம் மாறும் ஒளியை, உணரி எண்ணுவது அலைநீளம் மாறாத ஒளியை என்று ஒரு சிறு இடர்ப்பாடு உண்டு. சிறு இடர்ப்பாடுகளுக்கு அஞ்சியிருந்தால் நம் கருத்தரங்க மலர்கள் பாதிப் பருமனில்தான் வந்திருக்கும்.

இந்த உணரியைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. கீழ்வீட்டு மாஷிமா அந்தி சாய்ந்ததும் மண் துனுச்சியில் தேங்காய் நாரைப் பற்றவைத்து, சால மரப் பிசினைத் தூவி, வீடெங்கும் தூனோ காட்டுகிறார். நமக்கு அது குங்கிலியம். புகை படியேறி வந்ததும் தூய்ப்பானின் பச்சை விளக்கு சிவந்து, பொறி அலறத் தொடங்குகிறது. "காற்றைச் சுத்தம் பண்ணத்தான் தூனோவே போடறேன். உன் பெட்டி என்னத்துக்கு மூஞ்சியைச் சிவப்பாக்கிக்குது, பாபா?" (மாஷிமா, மாடிப்படி உரையாடல், மூன்றாம் படி, துனுச்சி வலக்கையில், பதிலுக்குக் காத்திராமல்). ஒரே காற்றைத் தூய்மையாக்க இரு கருவிகள் ஒன்றையொன்று பகைத்து உழைக்கும் காட்சி ஆய்வுலகுக்குப் புதிதன்று. ஒரு துறைக்கு இரு பேராசிரியர்கள் வாய்ப்பதுண்டு. தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கிய கலய நாயனாரின் திருக்கடவூரில் இப்பொறி இருந்திருந்தால் விளக்கு ஒருநாளும் பச்சையாகியிராது. புகையின் துகளை ஹெப்பா பிடிக்கும், மணத்தைப் பிடிக்காது. அதற்கும் பூனையின் மணல்தட்டுக்கும் கரி வேண்டும்: தூவிய கறுப்புத் துணி போதாது, கையில் எடுத்தால் கனக்கும் கரி.

கடுகெண்ணெயில் மீன் பொரியும் புகை: பொறியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

இனி ஆய்வின் உயிர்நிலை. கச்சிதத் தூய்ப்பான்களுட் பல உருளை வடிவின. கீழ்ப்பக்கத்தில் காற்றை உறிஞ்சி உச்சியில் விடுவன. அந்த உச்சி வட்டம் ஒரு பூனை சுருண்டு அமரும் அளவினது. ஆசிரியர் இதற்கு நூற்பா செய்தார்:

பூனையும் அமரின் பொறிவளி நிற்கும்.

'பூனையும்' என்ற உம்மையால் நாய்க்குட்டி, நாத்தனார் காயப்போட்ட துண்டு, படிக்காத செய்தித்தாள் ஆகியனவும் தழுவப்பட்டன. 'அமரின்' என்றதனால் நின்றால் குற்றமில்லை என்பது போதரும். அற்றன்று, நின்றபின் அமரும் ஆதலின் நிற்றலும் அமர்தலின் முன்னிலையே என்பார் மதம் வேறு. அவருக்குப் பூனை இல்லை. கணிதத்தில் இதனைத் தூ = அ × (1 − பூ) என எழுதுக. 'அ' அட்டைப்பெட்டி எண். 'பூ' பூனை மறைத்த வாயின் பங்கு. 'தூ' உண்மையில் வரும் தூய காற்று. பூ ஒன்றானால் தூ சுழி. இச்சமன்பாட்டைத் துணைவேந்தர் முன் வாய்விட்டுப் படிக்க வேண்டாம். அமர்வது ஏன் என்ற வினாவுக்கு விடை கிட்டவில்லை (பூனை, நேர்காணல், குளிர்காலப் பிற்பகல், பொறியின் மேல், முதல் இரு வினாக்களுக்கு மௌனம், மூன்றாவதற்குக் கொட்டாவி, முழு எழுத்துவடிவம் பின்னிணைப்பு ஏழில் காண்க, பின்னிணைப்பு ஏழை விடையளித்தவரே கிழித்துவிட்டார்).

எனவே காற்றை முன்பக்கமாகவோ சாய்வாகவோ விடும் பொறியைக் கொள்க. முன்வடிகட்டி கழுவத்தக்கதாக இருக்கட்டும். பூனை வீட்டில் அதுதான் முதலில் கம்பளியாகிறது. ஓசோன் விடும் பொறி வேண்டாம். அது மூச்சுக்குழாயை எரிக்கும். பொறி வாங்குமுன் மாற்று வடிகட்டியின் விலையைக் கேட்டுவிடுக. கொல்கத்தா சாந்தினி சவுக் கடைக்காரர் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் தேநீர் வரவழைத்தபின்தான் பதில் சொல்கிறார்.

கிளி பற்றிய ஆய்வைப் பின்வருவோர் மேற்கொள்ளலாம். என்னிடம் தரவுகள் உள்ளன. தரமாட்டேன்.