இரண்டு கருணை, ஒரு மூக்குக்கண்ணாடி

அமெரிக்க அரசுக்கு இரக்கம் அதிகம். அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. பார்வையற்றோர் செய்யும் துடைப்பத்தை அரசு அலுவலகங்கள் வாங்கியே ஆகவேண்டும் என்றது 1938-இன் வாக்னர்-ஓடே சட்டம். 1971-இல் மற்ற மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தார்கள். 2006-இல் வேறொரு சட்டம் வந்தது: முன்னாள் படைவீரர் நலத்துறை, வீரர்களின் நிறுவனங்களுக்கே முதலிடம் தரவேண்டுமாம்.

இரண்டு கருணையும் ஒரே வாசலில் நுழையப் பார்த்தன. தகராறுக்கான பொருள் மூக்குக்கண்ணாடி. செய்து தந்தது பார்வையற்றோருக்கு வேலை தரும் அமைப்பு. மாட்டிக்கொண்டவர்கள் முன்னாள் வீரர்கள். வழக்குப் போட்டது ஒரு முன்னாள் வீரரின் நிறுவனம். 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் பக்கம் சாய்ந்தது. 2020-இல் நாடாளுமன்றம் பஞ்சாயத்துக்கு வந்து, 2006 சட்டத்துக்கு முன்பே கட்டாயக் கொள்முதல் பட்டியலில் இருந்த பழைய பொருள்களைக் காப்பாற்றிக் கொடுத்தது.

கணக்கைப் பாருங்கள். முதல் வகை அமைப்பில் நேரடி உழைப்பு நேரத்தில் 75 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுடையதாக இருக்கவேண்டும். இரண்டாம் வகையில் 51 சதவீதப் பங்கும் நிர்வாகமும் வீரர் கையில் இருந்தால் போதும். தொழிலாளிகள் துப்பாக்கியைச் சினிமாவில் மட்டும் பார்த்தவர்களாக இருக்கலாம்.

அதே 1938-இல் பிறந்த ஊதியச் சட்டம், மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தபட்சக் கூலியிலும் குறைத்துத் தரலாம் என்றது. கட்டாயக் கொள்முதல் திட்டத்தில் அந்தச் சலுகையை மூடும் விதி வர 2022 ஆனது. சரக்கு வாங்க உடனடிக் கட்டாயம். கூலி கொடுக்க மட்டும் 84 வருட யோசனை!