ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்

அண்ணன் மகன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். "சித்தப்பா, கட்டாயம் பாருங்க. உங்களுக்குன்னே எடுத்த மாதிரி இருக்கு" என்று கீழே ஒரு வரி வேறு. வீடியோவில் முப்பது வயதுகூட ஆகாத ஒரு பையன். பின்னால் மணிபிளான்ட், முகத்தில் பளிச்சென்று வெளிச்சம். கடையில் தினமும் குடிக்கும் காபியை நிறுத்தி அந்தக் காசை மாதாமாதம் எஸ்.ஐ.பி.யில் போட்டால் அறுபது வயதில் கோடீஸ்வரன் ஆகிவிடலாமாம். இதற்குமேல் சிக்கனம் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மூன்று நாள் ஆன்லைன் வகுப்பு இருக்கிறது. கட்டணம் 1,999 ரூபாய், இன்றைக்குள் சேர்ந்தால் 499.

சிக்கனம் சொல்லிக்கொடுக்கக் காசு வாங்குகிறானே என்று எனக்குக் கோபம் இல்லை. வாங்கத் தெரிந்தவன் வாங்குகிறான். கொதிப்பெல்லாம் அந்த லைட்டைப் பார்த்துத்தான். முகத்துக்கு நேரே அடிக்கிற லைட், நூறு வாட்ஸுக்குக் குறையாது. பேசுவது பட்டப்பகலில். பக்கத்தில் ஜன்னல் இருக்கிறது, அதைத் திரை போட்டு மூடிவிட்டு லைட்டைப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். இவன் எனக்கு வகுப்பெடுக்கிறானாம்.

இத்தனை வருடச் சிக்கனத்தில் நான் மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று இந்தக் கட்டுரையில் பைசா சுத்தமாகக் கணக்குக் காட்டப்போகிறேன். வீடியோக்காரர்களும் பார்க்கட்டும், அண்ணன் மகனும் பார்க்கட்டும். அதற்கு முன்னால் ஐந்நூறைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் கணக்கு புரியாது.

எந்த ஐந்நூறு என்று கேட்கிறவர்கள் வாடகை வீட்டில், யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரிடம் மொத்தமாக எண்ணிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களாக இருக்கவேண்டும். மற்ற எல்லோருக்கும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அந்த எண் கனவில் வரும்.

2006-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் டிவி கொடுத்தது. 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. 2016 மே மாதம், சரி, இதையெல்லாம் ஓட்ட வேண்டாமா என்று நூறு யூனிட் கரண்டும் இலவசம் என்றது. வரிசைப்படிதான் நடந்திருக்கிறது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நூறிலிருந்து கிளம்பி ஐந்நூறு வரைக்கும் படிப்படியாக ஏறுகிற கட்டணம், ஐந்நூற்று ஒன்றில் ஒரு வேலை செய்கிறது. அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் விலை கூடினால் போகட்டும் என்று விடலாம். எப்போதோ எரித்து முடித்துவிட்ட பழைய யூனிட்டுகளையும் திரும்பக் கூப்பிட்டு வேறு விலை போடுகிறது. போன மாதம் அரைத்த சட்னிக்கு இந்த மாதம் விலை ஏறுகிறது.

2022 செப்டம்பருக்கு முன்னால் இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் எரித்தவர் கட்டியது 1,130 ரூபாய். பக்கத்து வீட்டில் 501 எரித்தவர் கட்டியது 1,786 ரூபாய்ச் சொச்சம். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 656 ரூபாய்! ஒரு யூனிட் என்பது ஒன்பது வாட்ஸ் எல்.இ.டி. பல்பு நூற்றுப் பதினோரு மணி நேரம் எரிகிற கரண்ட். கீஸராக இருந்தால் அரை மணி நேரம். மச்சினர் வந்து ஒரு நாள் நிதானமாகக் குளித்துவிட்டுப் போனால் 656 ரூபாய்.

பிறகு 2022 செப்டம்பரில் கட்டணத்தை மாற்றினார்கள். 500 யூனிட்டுக்கு 1,725, 501-க்கு 1,958. பில் 595 ரூபாய் ஏறிவிட்டது என்று ஊரே பேசியது, டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து கத்தினார்கள். ஐந்நூற்று ஒன்றாவது யூனிட் 656-லிருந்து 233-க்கு இறங்கி, 423 ரூபாய் மலிந்துவிட்டதை ஒருவராவது சொல்ல வேண்டுமே! நான் மட்டும் தனியாக உட்கார்ந்து சந்தோஷப்பட்டேன். அதற்கப்புறமும் கட்டணம் ஏறியிருக்கிறது. பள்ளம் மட்டும் அதே இடத்தில், அதே ஐந்நூறுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் மீட்டர்கள் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே ஒரே பலகையில் இருக்கின்றன. என்னுடையது இடது ஓரம். அதில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். 3,200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று மீட்டரிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து என் இரவுகள் கெட்டன. எல்லோரும் தூங்கின பிறகு ஃபேன், ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கீழே போய் நின்று பார்ப்பேன். சிமிட்டக் கூடாது. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, என்னைப் பார்த்துத்தான் என்பதுபோல, ஒன்று சிமிட்டியது. யாரோ என் கரண்டை எடுக்கிறார்கள் என்று மேலே கீழே ஏறி இறங்கி, கடைசியில் கண்டுபிடித்தேன். செட்டாப் பாக்ஸ். டிவியை அணைத்தாலும் இது பத்து வாட்ஸில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டு மாதத்துக்குப் பதினான்கு யூனிட்! யாரும் பார்க்காத சீரியலுக்கு. வாட்ச்மேன் டார்ச் அடித்து, "என்ன சார், ஃபியூஸ் போயிடுச்சா?" என்றார். ஆமாம் என்றேன். மற்ற வீடுகளிலெல்லாம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

சாதாரண நாட்களில் நான் பெரிய கெடுபிடி செய்கிறவன் இல்லை. அறையை விட்டு எழுந்தால் ஃபேனை அணைக்கவேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் எழுந்ததுதானே. என் மகள் பிளஸ் டூவில் இயற்பியல் படிக்கிறாள். ஒரு நாள் பேப்பரும் பேனாவுமாக வந்து நின்றாள். "அப்பா, எழுபத்தஞ்சு வாட்ஸ் ஃபேன். நீங்க தண்ணி குடிச்சிட்டு வர ரெண்டு நிமிஷம். மிச்சம் ஒரு பைசாப்பா. ஒரே ஒரு பைசா." கணக்கு சரிதான். கூடவே அவள், 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போனதையும் சொன்னாள். அதாவது அவளுடைய அப்பா மிச்சம் பிடிப்பதெல்லாம் செல்லாக்காசில். பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் எதற்குச் சொல்லித் தருகிறார்களோ.

கெடுபிடி என்றால் அது கடைசிப் பதினைந்து நாளில். ரீடிங் எடுக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, மீட்டர் 420-ல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏசி ரிமோட் என் சட்டைப் பைக்கு வந்துவிடும். இஸ்திரி கிடையாது, கசங்கிய சட்டைதான் இப்போது ஃபேஷன் என்று மகனுக்குச் சொல்லியிருக்கிறேன். செல்போன், பவர் பேங்க் எல்லாம் ஆபீஸில் சார்ஜ் ஏறும். கிரைண்டர் ஓடக் கூடாது என்று கடையில் நாற்பது ரூபாய்க்கு மாவு பாக்கெட் வாங்கி வந்தேன். மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினா எவ்வளவு ஆகும்?" என்றாள். ஐம்பது பைசாகூட ஆகாது என்று எனக்கும் தெரியும். ஆனால் பிரச்சினை பைசா இல்லை, யூனிட். இதை எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

அதேபோல இரண்டு நாள்தான் பாக்கி, மீட்டர் 450-ஐத்தான் தொட்டிருக்கிறது என்றால் எனக்கு இன்னொரு விதமான வேதனை. ஐம்பது யூனிட் மலிவு விலையில் கிடந்து வீணாகிறது! "ஏசி போடுங்க. ஏன் புழுக்கத்துல உட்கார்ந்திருக்கீங்க? கீஸர் போட்டுக் குளிங்க" என்று ஒவ்வொருவராகக் கெஞ்சுவேன். சித்திரை வெயிலில் கீஸரா என்று கேட்டால் அதற்கு என்னிடம் பதில் இல்லை. தப்பித் தவறி 500-ஐத் தாண்டிவிட்டாலோ வீடே கல்யாண வீடு. எல்லா அறையிலும் லைட்டு, எல்லா அறையிலும் ஃபேன். இனி என்ன இருக்கிறது?

இதில் தங்கை வீட்டுப் பங்கைச் சொல்லாமல் விடக் கூடாது. எங்களுக்கு ரீடிங் எடுப்பது ஒற்றைப்படை மாதத்தில், அவர்களுக்கு இரட்டைப்படை மாதத்தில். கடவுள் அமைத்துக் கொடுத்தது. எங்களுக்குக் கழுத்தை நெரிக்கிற நாட்களில் அவர்களுக்குப் பாதிகூட ஓடியிருக்காது. அந்தச் சமயத்தில் எனக்குத் தங்கைமேல் பாசம் பொங்கும். பூ, பழம், கூடவே அழுக்குத் துணிப் பையோடு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்விடுவோம். மாப்பிள்ளை தங்கமானவர். மெஷின் மூன்று முறை ஓடி முடிகிற வரைக்கும் அரசியல் பேசுவார்.

கேலியாகத்தான் இருக்கும் உங்களுக்கு. ஆனால் ஒன்று. பள்ளிக்கூடத்தில் இந்த வருடக் கட்டணம் இவ்வளவு என்று ஒரு சீட்டைக் கொடுக்கிறார்கள். அதில் "ஸ்மார்ட் கிளாஸ்" என்று ஒரு வரி, "ஆக்டிவிட்டி" என்று ஒரு வரி, "இதர" என்று ஒரு வரி. அந்த "இதர" மட்டும் என்னுடைய இரண்டு வருடக் கரண்ட் பில். மறுபேச்சில்லாமல் கட்டிவிட்டு வருகிறேன். ஆஸ்பத்திரியில் தலைவலி என்றால் ஸ்கேன் எழுதுகிறார்கள். ஏன் என்று கேட்க வாய் வருவதில்லை. வீட்டுக் கடனுக்கு வட்டி ஏற்றினால் தகவல் எஸ்.எம்.எஸ்.ஸில் வருகிறது, நன்றி என்று முடித்து. இத்தனைக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், பாத்ரூமில் ஆள் இல்லாமல் லைட் எரிகிறது. கத்தாமல் என்ன செய்வான் ஒரு மனிதன்? அங்கே மட்டும்தான் ஸ்விட்ச் என் கையில் இருக்கிறது. காபியை விடச் சொல்கிற பையனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? காபியையும் விட்டுவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்?

சிக்கனத்துக்கு என்று உலக நாள் ஒன்று உண்டு. 1924-ல் இத்தாலியில் மிலான் நகரத்தில் சேமிப்பு வங்கிக்காரர்கள் கூடி முடிவுசெய்தது. உலகத்துக்கு அக்டோபர் 31; இந்திரா காந்தி மறைந்த நாள் அது என்பதால் இந்தியாவில் ஒரு நாள் முன்னதாக, அக்டோபர் 30. தீபாவளிக்குத் துணி எடுத்து, பட்டாசு வாங்கி, பட்சணத்துக்கு நெய் வாங்கிப் பர்ஸைத் தலைகீழாகத் தட்டிப் பார்க்கிற சமயத்தில், சிறுகச் சிறுகச் சேமியுங்கள் என்று அரசாங்கம் செய்தி வெளியிடும். மிலான்காரர்களுக்குத் தீபாவளி இல்லை, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

நம் வீடுகளில் உண்மையாகச் சேமித்தவர்கள் எந்த நாளையும் கொண்டாடவில்லை, எந்த வகுப்புக்கும் போகவில்லை. என் அம்மாவின் சிறுவாடு எந்த டப்பாவில் இருக்கிறது என்று அப்பாவுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது. 2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் பேசி, ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றபோதுதான் ஊரில் உள்ள துவரம்பருப்பு டப்பாக்களெல்லாம் வாயைத் திறந்தன. அம்மா மறுநாள் காலையில் காபியோடு ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "மாத்தி குடுடா. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். எண்ணிப் பார்த்து எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா வாழ்நாளில் ஒரு தடவைகூட ஃபேனை அணை என்று சொன்னதில்லை. காய்கறிக்காரரிடம் கொசுறு கறிவேப்பிலை வாங்காமல் திரும்பியதும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு வித்தை இருக்கிறது, அது எனக்கு வரவில்லை. கேட்டிருக்கலாம்.

சரி, கணக்குக்கு வருகிறேன். 2016-லிருந்து கரண்ட் ரீடிங் எழுதிய வெள்ளை அட்டைகளை எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். அட்டை நின்று எஸ்.எம்.எஸ். வந்த பிறகு அதையும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிவருகிறேன். வரவுப் பக்கத்தில், தாண்டாமல் தப்பித்த ஒவ்வொரு தடவைக்கும் அந்தச் சமயத்து ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்டின் விலை. செலவுப் பக்கத்தில் மாவு பாக்கெட், தங்கை வீட்டுக்கு ஆட்டோ, பூ, பழம். கரண்ட் குறைவாக இழுக்கும் என்று ஒன்று மூவாயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்கு வாங்கி மாட்டிய மூன்று புது ஃபேன்கள். இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று பேனாவைக் கையில் வைத்து யோசித்துக்கொண்டிருக்கும்போது தங்கையிடமிருந்து போன்.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை வீட்லதான இருப்பீங்க? பார்த்து ரொம்ப நாளாச்சுன்னு இவர் சொல்லிட்டே இருக்கார்."

"வாங்கம்மா, தாராளமா வாங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம்தான் காலண்டரைப் பார்த்தேன். இரட்டைப்படை மாதம்.

"உங்க மீட்டர் எவ்வளவு ஓடியிருக்கு?"

"நானூத்தி எண்பத்தெட்டு அண்ணா. ரீடிங்குக்கு இன்னும் பத்து நாள் இருக்கு" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "பெட்ஷீட், ஸ்கிரீன் எல்லாம் கொஞ்சம் இருக்கு. அண்ணிகிட்ட சொல்லிடுங்க. அப்புறம் இவர், ரெண்டு கிலோ இட்லி அரிசி ஊறப்போட்டு எடுத்துட்டு வரலாமான்னு கேக்கறார்."

ஸ்கிரீன் மட்டும் தனியாக ஒரு முறை ஓட்டவேண்டும், அதற்கு வெந்நீர் போடச் சொல்வாள். மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் மாப்பிள்ளை தங்கமானவர், ஸ்க்ரூ டிரைவரோடு வந்துவிடுவார்.