கோவலனின் இரக்கம்

சிலப்பதிகாரத்துக் கோவலனைப் போல இரங்கத் தெரிந்தவன் புகாரில் இன்னொருவன் இல்லை. மாடலன் என்ற அந்தணன் மதுரைக்கு வெளியே அவனைக் கண்டபோது முகத்துக்கு நேராகவே இதைச் சொல்கிறான். கருணை மறவன், செல்லாச் செல்வன், இல்லோர் செம்மல் என்று மூன்று பெயர் சூட்டுகிறான். மூன்றுக்கும் கோவலன் உரியவன்தான். மகள் மணிமேகலைக்குப் பெயர் சூட்டிய நாளில் ஆடல்மகள் மாதவியோடு நின்று பொன்னை வாரி வழங்கினான். அந்தத் தானம் வாங்கத் தடியூன்றி வந்த கிழவரை மதயானை பற்றிக்கொண்டது. கோவலன் பாய்ந்து அவரை விடுவித்தான், யானையின் பிடரியில் ஏறி அதை அடக்கினான். முன்பின் தெரியாத ஒருவருக்காக உயிரைப் பணயம் வைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

இரண்டாவது கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. தன் பிள்ளையைக் காத்த கீரியை அறியாமல் கொன்றுவிட்டாள் ஒருத்தி. கணவன் அவளை விட்டு வடக்கே போய்விட்டான். அவன் எழுதிக் கொடுத்த ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு, வணிகர் வீதியில் வாசல் வாசலாக நின்று அழுதாள். கோவலன் அவளைக் கூப்பிட்டு விசாரித்தான். ஓலையை வாங்கிப் பார்த்தான். அவள் பாவம் தீரத் தானம் செய்தான். காட்டுக்குப் போன கணவனைத் திரும்ப அழைத்து வந்து சேர்த்து, இருவரும் பிழைக்கப் பொருளும் கொடுத்தான். கணவன் போய்விட்ட வீட்டில் ஒரு பெண் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்பது அவனுக்கு அவ்வளவு நன்றாகப் புரிந்தது. அவனுக்கும் ஒரு வீடு இருந்தது. 12 வயதில் அவனைக் கைபிடித்த கண்ணகி அதில் இருந்தாள். மாமனார் மாமியார் வரும்போது அவர்கள் மனம் நோகக் கூடாதென்று பொய்யாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது, ஒரு பத்தினியின்மேல் பொய்ப்பழி சொன்னவனைப் பற்றியது. சதுக்கப் பூதம் அவனைப் பிடித்துக்கொண்டபோது, அவனைப் பெற்றவள் கதறுவது தாங்காமல், அவனை விட்டு என்னை எடுத்துக்கொள் என்றான் கோவலன். பூதம் சம்மதிக்கவில்லை. அதன்பின் அந்தத் தாயையும் சுற்றத்தையும் பல ஆண்டுகள் காப்பாற்றினான். பொய்ப்பழி சொன்னவன் வீட்டார்மீதும் இரக்கம் வைத்த மனம் அது.

இவற்றில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. மறுக்க முடியாததால்தான் மாதவியை நினைக்கும்போது நெஞ்சு இவ்வளவு வலிக்கிறது.

அவனுடைய கலையறிவையும் சொல்ல வேண்டும். மாதவி 5 வயதில் தொடங்கி 7 ஆண்டு ஆடலும் பாடலும் கற்று, 12 வயதில் சோழன் முன் அரங்கேறித் தலைக்கோல் பட்டம் பெற்றவள். 1008 கழஞ்சுப் பொன் விலையுள்ள மாலையை அவள் பணிப்பெண் கூனியிடமிருந்து வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குள் நுழைந்தவன் கோவலன். கடற்கரையில் யாழை வாங்கி முதலில் பாடியவனும் அவன்தான். வேறொருத்தியை நினைத்தவன் போலப் பாடினான். அவளும் அப்படியே திருப்பிப் பாடினாள். தன்னுடையது பாட்டு, அவளுடையது வாக்குமூலம் என்று பிரித்தறிந்து எழுந்து போனான்.

அன்று மாலையே தாழை மடலில், செம்பஞ்சுக் குழம்பு தொட்டு எழுதித் தோழி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பினாள் மாதவி. அவன் வாங்கவில்லை. அவளோடு வாழ்ந்த காலத்தின் ஊடலையும் கூடலையும் நினைவுகூர்ந்து, காண்வரி, உள்வரி, புறவரி என்று 8 வகை வரிக்கூத்தாகப் பெயரிட்டுச் சொன்னான். ஆடல்மகள் அல்லவா, அவளுக்கு இதெல்லாம் பொருந்தும் என்றான். கூத்தை இவ்வளவு நுட்பமாக அறிந்த ரசிகன் அரிது. அவள் அழுததுகூட எந்த வரி என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

நேர்மையும் உண்டு அவனிடம். கண்ணகியோடு மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் என்ற அந்தணன் இரண்டாவது ஓலையைக் கொண்டுவந்தான். கூந்தலால் இலச்சினையிட்ட ஓலை. அவள் கூந்தல் நெய்யின் மணம் அந்த மண்முத்திரையில் இருந்தது. கோவலனால் அதைக் கையிலிருந்து விட முடியவில்லை. பிறகு பிரித்தான். பெற்றோருக்குப் பணிவிடை செய்யாமல், குலமகளோடு இரவில் ஊரைவிட்டுப் போகும்படி நான் என்ன பிழை செய்தேன் என்று தெரியவில்லை, என்னை மன்னியுங்கள் என்று எழுதியிருந்தாள். படித்து முடித்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. தீது அவளுடையது அல்ல, தன்னுடையது. காப்பியம் முழுவதிலும் இத்தனை தெளிவாகத் தன் குற்றத்தை அவன் வேறெங்கும் கண்டதாக எனக்குத் தோன்றவில்லை. கண்டதும் அவனுடைய தளர்ச்சி நீங்கியது.

அடுத்து அவன் செய்ததை எத்தனை முறை படித்தாலும் என் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. இந்த ஓலையின் வாசகம் என் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியதற்கும் பொருந்துகிறது, இதையே அவர்களிடம் காட்டு என்று கோசிகனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். பெற்றோரின் துயரம் அவனுக்கு அப்படி உறைத்தது. மாதவியின் எழுத்தில் இருந்த மன்னிப்பு கோவலனின் மன்னிப்பாகப் புகாருக்குத் திரும்பிப் போனது. மாதவிக்கு ஒரு வரி போகவில்லை. குற்றம் உன்னுடையது அல்ல என்று அவன் காட்டில் உணர்ந்ததை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

இந்தக் குடும்பத்தில் யாருக்காக அதிகம் இரங்குவது என்று பட்டிமன்றங்களில் கேட்கிறார்கள். கண்ணகிக்கு என்பார்கள், பாண்டியன் ஆணையால் மதுரையில் வெட்டுண்டு கிடந்த கோவலனுக்கு என்பார்கள். கண்ணகியின் கோபத்துக்கு ஒரு நகரமே எரிந்தது. இமயத்துக் கல்லில் அவள் உருவம் செய்து சேரன் கோயில் எழுப்பினான். கொலைக்களத்துக்குக் கிளம்பும் முன் அவளிடமாவது மனம்விட்டு வருந்தினான் கோவலன். இறந்த பின்னும் அவள் தொட்டபோது எழுந்து அவள் கண்ணீரைத் துடைத்தான். பாண்டியனோடு அவன் தேவியும் இறந்தாள். மாதவிக்குச் செய்திதான் வந்தது. அவள் தலைமுடியைக் களைந்து துறவு பூண்டாள். காதலன் பட்ட துன்பத்தைக் கேட்ட பிறகும் போகாமல் நிற்கிற உயிரைப் பற்றி அவள் வெட்கப்படுவதை மணிமேகலைக் காப்பியம் சொல்கிறது.

அந்தக் காப்பியத்தில் இந்திர விழா வருகிறது. மணிமேகலையை ஆட அழைத்துவரச் சொல்லி வசந்தமாலையை அனுப்புகிறாள் மாதவியின் தாய் சித்திராபதி. துறவியர் இருக்கும் இடத்தில் தாயும் மகளும் பூத்தொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மாதவி மறுக்கிறாள். ஊரை எரித்த பத்தினியின் மகள் இவள், இவள் ஆட வரமாட்டாள் என்கிறாள். சுமந்து பெற்ற மகளைக் கண்ணகியின் மகளாக்கிச் சொல்கிறாள். பக்கத்திலிருந்து கேட்ட மணிமேகலை, தந்தையும் அந்தத் தாயும் பட்டதை நினைத்து அழ, கண்ணீர் மாலையில் விழுகிறது. மாதவி மகளின் கண்ணைத் தன் விரலால் துடைக்கிறாள். கண்ணீர் பட்ட பூ பூசைக்கு ஆகாது, போய்ப் புதுப்பூ பறித்து வா என்கிறாள்.