ஏழு வருஷ விரதம், மூன்றே நாளில்

பத்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பிரபு பெரும்பாவம் செய்துவிட்டான் என்று வையுங்கள். பரிகாரம் ஏழு வருஷ விரதம். பிரபுவாகப் பிறந்தவன் ஏழு வருஷம் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்க முடியுமா? முடியாது என்பது திருச்சபைக்கும் தெரியும். அதனால் சட்டத்திலேயே வழி எழுதி வைத்தார்கள். முதலில் 12 பேரைக் கூட்டிவந்து ரொட்டி, கீரை, தண்ணீரில் மூன்று நாள் விரதம் இருக்கச் சொல். அப்புறம் ஏழு தடவை 120 பேரைப் பிடித்து, அவர்களையும் மூன்று மூன்று நாள் இருக்கச் சொல். மொத்தம் 852 வயிறு, தலைக்கு மூன்று நாள், ஆக 2,556 நாள். ஏழு வருஷத்துக்குச் சரியாகப் போய், ஒரு நாள் மிச்சம். லீப் வருஷத்தைக்கூட விடவில்லை, பாருங்கள்!

பிரபுவும் சும்மா இருந்துவிட முடியாது. ஆயுதத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நடக்க வேண்டும், மெத்தையில் படுக்கக் கூடாது. பாவம், அவனுக்கும் கஷ்டம்தான். அந்த 852 பேருக்கு மற்ற நாளில் சாப்பாடு கிடைத்ததா என்று சட்டம் கவலைப்படவில்லை. அவன் யாருக்குக் கேடு செய்தானோ, அந்த ஆளைப் பற்றியும் பேச்சே இல்லை.

குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தின் சரித்திரம் நெடுக எனக்கு உறுத்துவது இந்த ஆள்தான். பாவி இருக்கிறான், குரு இருக்கிறார், மேலே ஆண்டவர் இருக்கிறார். அடிபட்டவரை மட்டும் யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

ஆரம்பத்தில் கறாராகத்தான் இருந்தார்கள். கொலை, விபசாரம், விசுவாச மறுதலிப்பு என்றால் ஊரறியச் சாக்கு உடுத்திச் சாம்பல் பூசி நிற்க வேண்டும். அதுவும் வாழ்க்கையில் ஒரே ஒரு வாய்ப்பு. விவரமானவர்கள் அதைச் சாவுப் படுக்கைக்கு ஒத்திவைத்தார்கள். 390இல் தெசலோனிக்காவில் ஒரு தளபதியை ஜனங்கள் அடித்துக் கொன்றதற்காக ரோமப் பேரரசர் தியோடோசியஸ் படையை ஏவி ஆயிரக்கணக்கானவர்களை வெட்டிப்போட்டார். மிலான் ஆயர் அம்புரோஸ் அவருக்கு நற்கருணை கொடுக்க மறுத்தார். பேரரசர் ராஜ அலங்காரத்தைக் களைந்து சபை முன் அழுதார், கிறிஸ்துமஸ் வாக்கில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அம்புரோஸின் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு. இன்றைக்கு அதில் கால்வாசி கிடைத்தாலும் போதும். ஆனால் அந்த மன்னிப்பைப் பற்றித் தெசலோனிக்காவின் விதவைகளிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மிலான் தூரம்.

ஆறாம் நூற்றாண்டில் ஐரிஷ் துறவிகள் காரியத்தை எளிதாக்கினார்கள். ரகசியமாகச் சொல்லலாம், எத்தனை தடவையும் சொல்லலாம், எந்தப் பாவத்துக்கு எத்தனை நாள் ரொட்டியும் தண்ணீரும் என்று விலைப்பட்டியல் இருக்கும். விலை என்று ஒன்று வந்துவிட்டால் தள்ளுபடியும் வரும், பதிலி ஆளும் வருவான். பிரபுவின் 852 பேர் வந்தது அப்படித்தான்.

அப்புறம் பணமே வந்துவிட்டது. 1514இல் ஆல்பிரெக்ட் என்ற இளைஞருக்கு, கையில் ஏற்கெனவே இரண்டு மறைமாவட்டங்கள் இருக்க, மைன்ஸ் பேராயர் பதவியும் வேண்டியிருந்தது. ஆயராவதற்கான வயதுகூட ஆகவில்லை. விதிவிலக்குக்கு ரோமுக்குக் கட்ட வேண்டிய தொகையை ஃபுக்கர் வங்கியில் கடன் வாங்கினார். கடனை அடைக்கப் போப் பத்தாம் லியோ வழி சொன்னார்: உன் எல்லைக்குள் பாவமன்னிப்புச் சீட்டு விற்றுக்கொள், பாதி வங்கிக்கு, பாதி புனித பேதுரு பேராலயக் கட்டடத்துக்கு. பாவக் கடன் தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகும் செத்த அம்மாவை மீட்கக் கிழவி முடிந்து வைத்திருந்த காசில் பேராயரின் கடன் தவணை கழிந்தது. 1517இல் இதை எதிர்த்து லூத்தர் என்ற துறவி சத்தம் போட்ட பிறகு, இன்னும் ஐம்பது வருஷம் கழித்து, பாவமன்னிப்புச் சீட்டுக்குக் காசு வாங்குவதை ரோம் நிறுத்தியது. அவசரப்படவில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது அந்தப் பணத்தின் மேல்கூட இல்லை, ஒரு மரக்கூண்டின் மேல்தான். அதே பதினாறாம் நூற்றாண்டில் மிலான் பேராயர் கார்லோ பொரோமியோ அதைச் செய்வித்தார். குருவுக்கும் முழந்தாளில் இருப்பவருக்கும் நடுவே பலகை. பலகையில் துளையிட்ட தகடு. தகட்டின் மேல் மெல்லிய துணி. கூண்டு மூலையில் ஒளிந்திருக்கக் கூடாது, கோயிலில் எல்லார் கண்ணிலும் பட வேண்டும். 1577இல் வந்த அவரது கையேட்டில் அளவோடு இருக்கிறது. எதற்கு இத்தனை ஜாக்கிரதை? பாவம் சொல்ல வந்த பெண்ணின் மேல் குருவின் கை படாமல் இருக்கத்தான். அன்றைக்கு மிலானில் ஆசாரிக்குத் தெரிந்த விஷயம், 2002இல் குருக்களின் பாலியல் குற்றங்களைப் பற்றிப் பாஸ்டன் பத்திரிகை பக்கம் பக்கமாக எழுதியபோது மேலிடத்துக்குப் பேரதிர்ச்சியாக இருந்ததாம்.

பெண்களைச் சீண்டிய குருக்களை விசாரிக்க 1561இலேயே போப் நான்காம் பயஸ் ஸ்பெயின் மத விசாரணை மன்றத்துக்கு அதிகாரம் தந்தார். குற்றம் என்ன தெரியுமா? பெண்ணுக்குச் செய்த அநியாயம் அல்ல. அருட்சாதனத்தை அவமதித்ததால் விசுவாசத்தில் சந்தேகம்! ரகசியமாக யூத நோன்பு இருந்தவனை ஊர்ச் சதுக்கத்தில் நிறுத்தித் தீர்ப்பு வாசித்தவர்கள், சீண்டிய குருவுக்கு மட்டும் மூடிய அறையில், சக குருக்கள் முன்னால் வாசித்தார்கள். கை பட்டது பாவசங்கீர்த்தனத்துக்கு முன்பா, நடுவிலா, பின்பா என்று வாதம் நடந்திருக்கிறது. எல்லாம் ஒன்றுதான் என்று சொல்ல 1622இல் இன்னொரு போப்பாண்டவர் ஆணை போட வேண்டியிருந்தது. 1741இல் இன்னொன்று: குருமேல் பொய்ப்புகார் சொன்னவருக்கு, சாகக் கிடந்தாலொழிய, மன்னிப்புத் தரும் அதிகாரம் ரோமுக்கு மட்டுமே என்றது. வத்திக்கானின் 1962 வழிகாட்டலில் புகார் கொடுத்தவரும் வாய் திறப்பதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

ரகசியம் இல்லாவிட்டால் பாவி வரமாட்டான், திருந்தமாட்டான் என்பார்கள். வந்தானே! ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் சிறுவர்களைச் சீரழித்துச் சிறைக்குப் போன ஒரு பாதிரியார் 2004இல் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார். 25 வருஷத்தில் சுமார் 30 குருக்களிடம், 1,500 தடவை அந்தப் பாவத்தையே சொல்லியிருக்கிறார். கிடைத்த பரிகாரம் ஜெபம். ஜெபித்துவிட்டுத் திரும்பிப் போனார், சிறுவர்களிடம்.

2017இல் அந்த நாட்டு ராயல் கமிஷன், பிள்ளைகளுக்கு எதிரான குற்றத்தைப் போலீசுக்குச் சொல்லும் கடமையிலிருந்து பாவசங்கீர்த்தன ரகசியத்துக்கு விலக்குக் கூடாது என்றது. ஆயர்கள் மறுத்தார்கள். மெல்போர்ன் பேராயர் ரகசியத்தை உடைப்பதைவிட ஜெயிலுக்குப் போவேன் என்றார். 2019இல் வத்திக்கான் அலுவலகம் ஒன்று விளக்கக் குறிப்பும் வெளியிட்டுவிட்டது: சொல்லப்படும் பாவம் சட்டப்படி குற்றமாக இருந்தாலும், அரசிடம் சரணடைந்தால்தான் மன்னிப்பு என்று நிபந்தனை விதிக்கக் கூடாது.

ஆடு திருடினவன் கதை வேறு. திருடின ஆட்டையோ அதன் விலையையோ உடையவனுக்குத் திருப்பிக் கொடுக்க மனமில்லாதவனுக்கு மன்னிப்பு இல்லை என்பது குருமடப் பாடத்தில் காலங்காலமாக இருக்கும் விதி. ஆட்டைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வா என்று குரு தாராளமாகச் சொல்லலாம். பிள்ளையைச் சீரழித்தவனிடம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வா, அப்புறம்தான் மன்னிப்பு என்றால், அது குருவின் தப்பு.