காலாங்குக்கு ஓர் எக்செல் கோப்பு

என் மகன் திட்டம் போட்டால் அதற்கு நிறம் உண்டு. விமானம் நீலம், ஹோட்டல் பச்சை, சாப்பாடு மஞ்சள், ஆட்டம் சிவப்பு. 2025 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூரில் காலாங் தேசிய விளையாட்டரங்கில் ஆர்சனலும் நியூகாசலும் ஆடும் நட்புமுறை ஆட்டம். அதைப் பார்க்கக் குடும்பத்தோடு போய்வர அவன் போட்ட எக்செல் கோப்பு, கைப்பேசியில் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. தேக்காவில் தோசை, முஸ்தபாவில் என் மனைவிக்கு இரண்டு மணி நேரம், சாங்கியில் கூரைக்குள்ளேயே கொட்டும் அருவி, அருவிக்கு முன்னால் படம் எடுக்கத் தனியாகப் பதினைந்து நிமிடம். இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு சிவப்பு வரி: ‘இரவு 7.30 – பந்து.’

பினாங்கில் ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் உட்கார்ந்து நாங்கள் திட்டம் போட்ட காலத்தில் அந்த ஒரு வரிதான் இருந்தது. மற்றதெல்லாம் பொய்.

எண்பதுகளின் கடைசி, தொண்ணூறுகளின் தொடக்கம். சிங்கப்பூர் 1965-லேயே தனி நாடாகிவிட்டது; மலேசியக் கிண்ணத்துக்கு மட்டும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. 1921-இல் ‘மலாயா’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் ஆட்கள் கொடுத்த கிண்ணம் அது. சிங்கப்பூர் ஆதியிலிருந்தே அதற்கு ஆடியது. பிரிந்த பிறகும், இடையில் சில வருஷம் வெளியே நின்றதைத் தவிர, ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆக, பினாங்கு அணி உள்நாட்டுப் போட்டி ஒன்றுக்காக வெளிநாடு போகும். பின்னாலேயே நாங்களும் போவோம்.

போவதற்குக் காரணமும் இருந்தது. ஈசா பக்கார், ஷாஹாருடின் அப்துல்லா காலத்துப் பினாங்கு 1974-இல் பேராக்கை வீழ்த்திக் கிண்ணத்தைத் தூக்கியது. மூன்று வருஷம் கழித்து மெர்டேக்கா அரங்கில் இறுதி ஆட்டம். கூடுதல் நேரம்வரை இழுத்து 3-2 என்று சிங்கப்பூரிடம் பறிகொடுத்தோம். அந்த அணியின் குவா கிம் சோங் என்ற பெயரைச் சொன்னால் எங்கள் தெருப் பெரியவர்கள் அப்போதும் தே தாரிக்கைப் பாதியில் வைத்துவிடுவார்கள். அந்தக் கணக்கைக் காலாங்குக்கே போய்த் தீர்க்க வேண்டும் என்பது எங்கள் லோரிக்காரரின் கொள்கை. லோரி ஓட்டியதால் பாதை தெரிந்தவர், அதனால் தலைவர்.

திட்டத்தில் முதல் வேலை எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு. எங்களுக்குத் தெரிந்த ஒரு கிளினிக்கில் வெள்ளிக்கிழமைக் காய்ச்சல் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். வீட்டுக்குச் சொல்லச் சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு சித்தப்பா இருந்தார். காற்பந்துப் பருவம் தொடங்கினால் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போகும். பருவம் முடிந்ததும் தேறிவிடுவார். அவரைப் பார்க்கப் போகிறோம் என்று அம்மா கட்டிக் கொடுத்த தம்பூன் பிஸ்கட்டையும் ஜாதிக்காய் ஊறுகாயையும் பஸ்ஸிலேயே தின்று முடிப்போம். கடப்பிதழ்க் கவலை பெரிதாக இல்லை. சிங்கப்பூருக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒன்றை அப்போது குறைந்த செலவில் எடுக்கலாம். வெளிநாடு என்றால் எங்களுக்கு அது ஒன்றுதான் என்று அரசாங்கத்துக்கே தெரிந்திருந்தது.

சாயங்காலம் ஃபெரி. தீவைவிட்டுப் போகிறவனிடம் காசு வாங்கமாட்டார்கள். திரும்பி வருகிறவனிடம்தான் வாங்குவார்கள். தோற்றுவிட்டு வருகிற ராத்திரிகளில் இது ரொம்ப அநியாயமாகப் படும். பட்டர்வொர்த்தில் இரவு பஸ். அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. குளிர்சாதனம் நிறுத்தத் தெரியாமல் ஓடும், காங்ஃபூ படம் விடிய விடிய அலறும், முன்சீட்டுக்காரர் மடியில் துரியான் இருக்கும். ஜொகூர் பாலத்தில் விடியற்காலையில் எழுப்பி இறக்குவார்கள். குடிநுழைவு அட்டையில், போதைப்பொருள் கடத்தினால் மரணம் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும். 1992-இல் சூயிங் கம்முக்கும் தடை வந்தபிறகு எங்கள் தலைவர் அதிகாரியைக் கண்டதும் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுத்தான் முத்திரை வாங்கினார். எந்தக் குற்றத்துக்கு எந்தத் தண்டனை என்பதில் அவருக்குக் கடைசிவரை தெளிவில்லை.

லாவெண்டர் தெருவில் இறங்கினால் நடை தூரத்தில் அரங்கம். ஐம்பத்தைந்தாயிரம் பேர் கொள்ளும். உள்ளே காச்சாங் பூத்தே விற்கிற ஆள் நம்ம ஆள். வறுத்த கடலையையும் பட்டாணியையும் காகிதக் கூம்பில் கொட்டித் தருவார். கூம்பு ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளையின் கணக்குப் புத்தகத்தாள். கடலை தீர்ந்ததும் பிரித்தால் நீளப் பெருக்கலும் அதன்மேல் வாத்தியாரின் சிவப்புக் கோடும் எண்ணெயில் ஊறிக் கிடக்கும்.

“எந்த ஊரு தம்பி?”

“பினாங்கு, அண்ணே.”

“அப்ப கதவுப் பக்கமா உக்காருங்க.”

நல்ல யோசனை. கூட்டம் வாய் திறந்தால் அடியில் இருக்கும் சிமெண்டுப் படி அதிரும். நடுவர் எதை ஊதினாலும் ‘ரெஃப்ரி காயூ’ என்று மொத்த அரங்கும் பாடும். மரக்கட்டை என்று அர்த்தம். எங்களுக்கு எதிராக ஊதினாலும் அவர்களோடு சேர்ந்து நாங்களும் பாடினோம். நடுவரைத் திட்டுவதில் இரண்டு நாடுகளும் ஒன்றாகவே இருந்தன.

ஆட்டம் முடிந்த அன்றிரவே திரும்பு பஸ். “சிங்கப்பூரு எப்படிடா இருக்கு?” என்று அம்மா கேட்டால், “புல்லு நல்லா இருக்கும்மா” என்பேன்.

1994-இல் சிங்கப்பூர் லீக்கையும் வென்று, டிசம்பரில் ஷா ஆலமில் பகாங்கை 4-0 என்று நொறுக்கிக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு போனது. போனது போனதுதான். சீட்டு வசூலைப் பங்கிடுவதில் தகராறு, ஆட்டத்தை விற்ற சூதாட்ட விவகாரம். மலேசிய ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாக விசாரணைக்குப் போனார்கள். மறுவருஷம் சிங்கப்பூர் விலகிவிட்டது. நாடு பிரிந்தபோது பிரியாததைக் கல்லாப்பெட்டி பிரித்தது. 2012-இல் ஒரு இளம் அணியை அனுப்பி நாலு வருஷம் ஆடிப் பார்த்தார்கள். அதற்குள் எங்கள் தலைவருக்கு முழங்கால் போய்விட்டது. தோ பாயோ சித்தப்பாவும் நிஜமாகவே உடம்பு முடியாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

என் மகன் வளர்ந்தது தொலைக்காட்சியில் லண்டன் ஓடிய காலத்தில். 1998-இல் பினாங்கு லீக் வென்றதும், மொரோக்கோவிலிருந்து வந்த மெர்ஸாகுவா அடித்த கோல்களும் அவனுக்கு வரலாற்றுப் பாடம். ஆர்சனலின் மாற்று ஆட்டக்காரர் பட்டியல் மனப்பாடம்.

இனி 2025. வருகை அட்டையைப் புறப்படும் முன்பே கைப்பேசியில் நிரப்பினான். யாரும் யாரிடமும் பொய் சொல்லவில்லை. அலுவலகமே அவன் விடுப்புக்குப் பச்சைக் குறி போட்டது. ஒன்றேகால் மணி நேரப் பறப்பு, காங்ஃபூ படம் ஆரம்பிக்கக்கூட நேரமில்லை. தேக்காவில் மட்டும் என் மனைவி சங்கடப்பட்டாள். 1973 வரை அவர்கள் வெள்ளியும் நம் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று; இன்று அவர்கள் ஒரு வெள்ளிக்கு நம்முடையது மூன்றுக்கு மேல். ஒவ்வொரு தோசையையும் மூன்றால் பெருக்கிப் பார்த்துவிட்டே கையை வைத்தாள். தோசை ஆறிப்போனது.

பழைய அரங்கத்தை இடித்துவிட்டு 2014-இல் திறந்தது இந்தப் புதியது. திறந்து மூடும் கூரை, இருக்கைக்குக் கீழிருந்து குளிர்காற்று. இதிலும் அதே ஐம்பத்தைந்தாயிரம் இடம். சிவப்புச் சட்டைக்காரரும் கறுப்பு-வெள்ளைச் சட்டைக்காரரும் கலந்து உட்கார்ந்து, எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் கைதட்டினார்கள். கதவுப் பக்கமாக உட்காரச் சொல்ல ஆளில்லை, தேவையும் இல்லை. கடலைக்குப் பதில் சோளப்பொரி. அதையும் மூன்றால் பெருக்கியாயிற்று. கடைசிக் கட்டத்தில் ஆர்சனலின் மேக்ஸ் டௌமன் என்ற 15 வயதுப் பையனைத் தள்ளிவிட, நடுவர் பெனால்டி ஊதினார். பழக்கதோஷம், எழுந்து நின்று “ரெஃப்ரி காயூ!” என்று கத்திவிட்டேன்.

“ப்பா, உக்காருங்க. பெனால்டி நமக்குத்தான்.”

ஓடேகார்ட் உதைத்தார், 3-2. லண்டன் எப்போது நமக்கு ஆனது என்று கேட்க நினைத்தேன். பக்கத்தில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மகன் சிவப்பு வரிக்கு நேராகக் குறி போட்டான். “அந்த அருவி நல்லா இருந்துச்சு” என்றாள் என் மனைவி.

ரயிலுக்கு வரிசையில் நிற்கும்போதே அடுத்த வருஷத் திட்டம் தொடங்கிவிட்டது. பேங்காக், ஹாங்காங் என்று ஊர்கள் ஓடின. ஜார்ஜ் டவுன் பண்டாராயா அரங்கத்தில் பினாங்கு ஆடுகிறதே, ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான், ஒரு சனிக்கிழமை போய்வரலாமா என்று கேட்டேன்.

மகன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினான்.

“அங்க பார்க்கிங் கிடைக்காதுப்பா.”